மாட்சு கோயிலில் பிறைக்கட்டை: ‘சிரிப்பு’ விழுந்தால் என்ன அர்த்தம்?

தெலுக்ஆயர்வாசி | 12 ஏப்ரல் 2025, இரவு 9.14

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் சீனர்களின் கடல் தெய்வம் மாட்சுவுக்கு இருக்கும் தியான் ஹோக் கெங் கோயிலைப் பற்றிக் கேட்கிறேன். சன்னதி முன்னால் மண்டியிட்டு, பிறை வடிவில் இரண்டு சிவப்புக் கட்டைகளைத் தரையில் போடுகிறார்கள். விழுந்த விதத்தைப் பார்த்துவிட்டு மறுபடி போடுகிறார்கள், அதன்பிறகும் போடுகிறார்கள். வேண்டிய பதில் வரும்வரை போட்டுக்கொண்டே இருந்தால் அது சாமியிடம் கேட்பதாகுமா? நாமே ஒரு முடிவை எடுத்துவிட்டு அதற்குச் சாமியின் முத்திரையை வாங்குவது போலத்தான் எனக்குத் தெரிகிறது. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

இன்னும் இரண்டு கேள்வி. மாட்சுவும் குவான்யினும் ஒருவர்தானே? 20ஆம் தேதி மாட்சுவின் பிறந்தநாள் என்கிறார்கள். அன்றைக்குப் போனால் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

கரைவிளக்கு | 12 ஏப்ரல், இரவு 10.02

கடைசிக் கேள்வி முதலில். பிறந்தநாள் சீன நாள்காட்டியில் 3ஆம் மாதம் 23ஆம் நாள். இந்த ஆண்டு அது ஏப்ரல் 20, அடுத்த ஆண்டு மே 9. ஆங்கிலத் தேதியை மனப்பாடம் செய்து வைக்காதீர்கள், ஆண்டுக்கு ஆண்டு நகரும்.

கோயிலைப் பார்த்து நின்றால் உங்கள் வலப்பக்க வாசல் ‘நாக வாசல்’, இடப்பக்க வாசல் ‘புலி வாசல்’. வலப்பக்கம் நுழைந்து இடப்பக்கம் வெளியேற வேண்டும். நடுவாசல் தெய்வத்துக்கு. வாசற்படிக் கட்டை உயரமாக இருக்கும், அதை மிதிக்காமல் தாண்டி உள்ளே காலை வையுங்கள்.

முதல் வணக்கம் மாட்சுவுக்கு இல்லை. முற்றத்துத் தூபக்கலத்தின் முன்னால், வானத்தைப் பார்த்து, விண்ணரசரான ஜேட் பேரரசருக்கு. அதன்பிறகுதான் உள்ளே திரும்பி மாட்சு, கடைசியாகப் பக்கச் சன்னதிகள். பெரிய கோயில்களில் தூபக்கலங்களுக்கு எண் போட்டிருப்பார்கள், அந்த வரிசையில் போனால் குழப்பமே வராது.

ஊதுபத்தி ஒரு கலத்துக்கு 3 அல்லது 1. இரட்டைப்படை வேண்டாம். பற்றவைத்ததும் சுடர் எரிந்தால் கையால் விசிறி அணைக்க வேண்டும், வாயால் ஊதக் கூடாது. நடுவது இடக்கையால். ‘சாமிக்கு இடக்கையா?’ என்று நம்மவர்களுக்குத் திக்கென்று இருக்கும். அங்கே கணக்கு வேறு: வலக்கைதான் அறுக்கும், வெட்டும், அதனால் இடக்கை சுத்தமானது.

பிறைக்கட்டையைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது. நாளை எழுதுகிறேன்.

பிரிக்பீல்ட்ஸ் | 12 ஏப்ரல், இரவு 11.20

மாட்சு வேறு, குவான்யின் வேறு. குவான்யின் பௌத்தத்தின் அவலோகிதேசுவரர் சீனத்தில் பெண்ணுருவம் கொண்டவர். மாட்சு, சீனாவின் ஃபூஜியன் மாகாணக் கரையோர மெய்சௌ தீவில் பிறந்த பெண். மரபு சொல்லும் பெயர் லின் மோ, பிறப்பு 960, விண்ணேகியது 987.

சிலையைப் பார்த்தே பிரிக்கலாம். மாட்சு பேரரசி கோலத்தில் அமர்ந்திருப்பார், முகத்துக்கு முன்னால் மணிச்சரம் தொங்கும் மகுடம் இருக்கும். குவான்யினுக்கு வெள்ளை அங்கி, கையில் நீர்க்குடுவை, வில்லோ மரக்கிளை. இரண்டு பக்கமும் கொம்பு முளைத்த பூத உருவங்கள் நின்றால் நடுவில் இருப்பது மாட்சு என்று நிச்சயமாகச் சொல்லிவிடலாம். அவர்கள் ‘ஆயிரங்காதக் கண்’ணும் ‘காற்றுவழிக் காது’ம். சிவப்பு நிறத்தவர் கண், பச்சை நிறத்தவர் காது.

கோலாலம்பூர் தியன் ஹௌ கோயிலில் மூவரும் ஒரே மேடையில் இருக்கிறார்கள்: நடுவில் மாட்சு, இருபுறமும் குவான்யினும் ஹைனான் மக்களின் நீர்க்கரை அம்மனும். ஒன்றாகப் பார்த்துப் பழகியதால்தான் பலர் இருவரையும் ஒருவர் என்று நினைக்கிறார்கள்.

கரைவிளக்கு | 13 ஏப்ரல், காலை 6.48

மேலே ஒரு திருத்தம். நிறத்தை நம்பாதீர்கள். ஆயிரங்காதக் கண்ணைப் பச்சையாகவும் காற்றுவழிக் காதைச் சிவப்பாகவும் வைத்திருக்கும் கோயில்கள் தைவானில் நிறைய. கையைப் பாருங்கள். புருவத்துக்கு மேலே கை வைத்து வெயிலுக்கு மறைப்பதுபோல் தூரத்தைப் பார்ப்பவர் கண். காதருகே கையைக் கொண்டுபோய் ஒட்டுக்கேட்பவர் காது. இந்தச் சைகை எந்த ஊரிலும் மாறாது.

தியான் ஹோக் கெங்கில் மாட்சு முன் கூடத்தில், குவான்யின் பின்னால் தனிச் சன்னதியில். இது படையலில் முக்கியம். மாட்சுவுக்குக் கோழி, மீன், பன்றி இறைச்சி படைக்கும் வழக்கம் உண்டு. குவான்யினுக்குச் சைவம் மட்டுமே. முன் கூடத்தில் படைத்த தட்டை அப்படியே தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடாதீர்கள். சந்தேகமாக இருந்தால் பழம் போதும், எல்லாச் சன்னதிக்கும் ஒத்துவரும். ஒற்றைப்படை எண்ணிக்கையில் ஆப்பிள், ஆரஞ்சு. கொய்யாவும் தக்காளியும் வேண்டாம். அவற்றின் விதை வயிற்றில் செரிக்காமல் வெளியேறி, கண்ட இடத்தில் முளைக்கும், அதனால் தூய்மையில்லை என்று ஒதுக்குகிறார்கள்.

கரைவிளக்கு | 13 ஏப்ரல், மாலை 5.30

இப்போது கட்டை.

ஃபூஜியனிலிருந்து வந்த ஹொக்கியன் மக்களின் பேச்சில் அதன் பெயர் புவே. பழைய கட்டைகள் மூங்கில் வேரில் செய்தவை, இப்போது பெரும்பாலும் மரம். ஒரு முகம் தட்டை, மறுமுகம் புடைப்பு. இரண்டும் ஒரே மூங்கில் வேரை நடுவில் பிளந்ததுபோல் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஓரம் சிதைந்த கட்டையையோ, வெவ்வேறு சோடியிலிருந்து கலந்துபோன கட்டையையோ எடுக்காதீர்கள். கூட்ட நாளில் இது சாதாரணமாக நடக்கிறது. எடுத்ததும் இரண்டையும் சேர்த்து வைத்துப் பாருங்கள், விளிம்பு ஒட்டவில்லை என்றால் வேறு சோடி.

விழும் விதம் மூன்று:

ஒன்று தட்டை மேலே, மற்றது புடைப்பு மேலே: சியூ புவே. ஆம்.
இரண்டும் புடைப்பு மேலே: சியோ புவே. சிரிப்பு.
இரண்டும் தட்டை மேலே: இம் புவே. இல்லை.

செய்முறை. மண்டியிட்டு, தட்டை முகங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி இரண்டையும் உள்ளங்கைகளுக்குள் சேர்த்துப் பிடியுங்கள். பெயர், பிறந்த தேதி, குடியிருக்கும் முகவரி சொல்லுங்கள். சிலர் முகவரியில் மாடி எண் வரைக்கும் சொல்வார்கள். கேள்வியைச் சொல்லுங்கள். ஊதுபத்திப் புகைமேல் கட்டையை மூன்று சுற்று சுற்றி, நெஞ்சு உயரத்திலிருந்து விடுங்கள். வீச வேண்டாம், கையைத் திறந்தால் போதும். மிகத் தாழ்வாக விட்டால் பிடித்த வாக்கிலேயே சரிந்து உட்காரும். மிக உயரத்திலிருந்து போட்டால் துள்ளி அடுத்தவர் முழங்காலுக்கடியில் போய்விடும். சுவரிலோ மேசைக்காலிலோ சாய்ந்து நின்றால் அது பதிலில்லை, மறுபடி போட வேண்டும்.

உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். போட்டுக்கொண்டே இருக்கலாமா? கூடாது. ஒரே சியூ போதுமா, தொடர்ந்து மூன்று வேண்டுமா என்பதைப் போடுவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அன்றாடக் கேள்விக்கு ஒன்று. திருமணம், வீடு, அறுவை சிகிச்சை, கோயில் காரியம் என்றால் தொடர்ந்து மூன்று. ‘இல்லை’ விழுந்தால் அந்தக் கேள்வி அன்றைக்கு முடிந்தது. போட்ட பிறகு விதியை மாற்றுபவர்களும் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. அது அவர்களுடைய பிழை, முறையின் பிழையாகாது.

மறுபடி போட இடமுள்ளது சிரிப்புக்கு மட்டும். நீங்கள் பார்த்த ‘மறுபடியும் மறுபடியும்’ பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். சிரிப்பு என்றால் ‘நீ கேட்டது எனக்கு விளங்கவில்லை’, அல்லது ‘பதில் உனக்கே தெரியும், என்னை ஏன் கேட்கிறாய்’. கேள்வியைத் திருத்திவிட்டுப் போட வேண்டும். அதே கேள்வியை அதே வார்த்தையில் போட்டால் பயனில்லை.

பழங்கல்வெட்டு | 13 ஏப்ரல், மாலை 6.05

சிரிப்பையும் இல்லையையும் மாற்றிப் போட்டுவிட்டீர்கள். இரண்டும் தட்டை மேலே என்றால் சிரிப்பு. இரண்டும் புடைப்பு மேலே என்றால் இல்லை. தட்டை முகம் யாங் (ஒளிப்பக்கம்), புடைப்பு யின் (இருட்பக்கம்). இரண்டு யின் சேர்ந்தால் கதவு மூடியதாகக் கணக்கு. தட்டை மேலே விழுந்தால் புடைப்பு தரையில் இருக்கும், கட்டை அடங்காமல் ஆடிக்கொண்டே நிற்கும். தோள் குலுங்கச் சிரிப்பதுபோல் ஆடுவதை நினைத்துக்கொண்டால் மறக்காது.

கரைவிளக்கு | 13 ஏப்ரல், மாலை 6.11

ஆமாம், என் தவறு. மேலே இருப்பதை அழிக்கவில்லை, திருத்தம் கீழே இருக்கட்டும். படிப்பவர்கள் கவனிக்கவும்: தட்டை இரண்டும் மேலே = சிரிப்பு. புடைப்பு இரண்டும் மேலே = இல்லை.

கணக்குப்பிள்ளை | 13 ஏப்ரல், இரவு 8.40

கட்டை ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் ஆம் 50%, சிரிப்பு 25%, இல்லை 25%. தொடர்ந்து மூன்று ஆம் விழ 8இல் 1 வாய்ப்பு.

கட்டை கோணலாக இருந்து, தட்டை மேலே விழும் வாய்ப்பு 70% என்றால்? ஆம் 42% ஆகக் குறையும். தொடர்ந்து மூன்று ஆம் என்பது 13, 14இல் ஒன்றாகிவிடும். கட்டை எந்தப் பக்கம் கோணினாலும் ஆம் குறையுமே தவிரக் கூடாது. இரண்டும் வேறுவேறாக விழுந்தால்தான் ஆம் என்பதால் வரும் விளைவு இது. கோணல் கட்டை வைத்து யாரும் சாமியிடம் சம்மதம் வாங்க முடியாது. இந்த விதியை அமைத்தவர்களை மெச்ச வேண்டும்.

தெலுக்ஆயர்வாசி | 13 ஏப்ரல், இரவு 9.55

ஒரு கட்டை எப்போதும் தட்டையாகவும் மற்றது எப்போதும் புடைப்பாகவும் விழும்படி செதுக்கினால்?

கணக்குப்பிள்ளை | 13 ஏப்ரல், இரவு 10.03

அப்போது எப்போதும் ஆம். சரிதான், நான் இரண்டும் ஒரே மாதிரிக் கோணல் என்று வைத்துக்கொண்டேன். கரைவிளக்கு சொன்ன ‘சோடி பொருந்துகிறதா பார்’ என்ற விதி இதற்கும் உதவுகிறது.

கரைவிளக்கு | 15 ஏப்ரல், காலை 7.15

சீட்டு எடுப்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கட்டையை அதிகத் தடவை போட வேண்டியிருப்பது அங்கேதான்.

ஆம், இல்லை என்பதில் அடங்காத கேள்விக்குச் சீட்டு: எண் போட்ட குச்சியை எடுத்து, அந்த எண்ணுக்குரிய பாட்டுத் தாளைப் படிப்பது. தைவானின் மாட்சு கோயில்கள் பலவற்றில் 60 சீட்டு வரிசை. ஒவ்வொரு சீட்டிலும் நான்கு அடி, அடிக்கு 7 எழுத்து. குவான்யின் கோயில்களில் 100 சீட்டு வரிசையைப் பார்க்கலாம். இரண்டையும் கலக்கக் கூடாது, இங்கே எடுத்த எண்ணுக்கு அங்கே பொருள் தேட முடியாது.

முதலில் கட்டை போட்டு, ‘இதற்குச் சீட்டுத் தருவீர்களா’ என்று கேட்க வேண்டும். ஆம் விழுந்த பிறகே குச்சிக் குவளையைத் தொடலாம். குவளையைக் குலுக்கி, தானாக மேலே எழும் குச்சியை எடுங்கள். இரண்டு சேர்ந்து விழுந்தால் இரண்டையும் திரும்பப் போட்டுவிடுங்கள். எண்ணைப் பார்த்துக்கொண்டு, ‘இந்தச் சீட்டுத்தானா’ என்று மறுபடி கட்டை. தொடர்ந்து மூன்று ஆம் என்றால் அதுதான். நடுவில் ஒன்று தவறினாலும் குச்சியைத் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுக்க வேண்டும். ஒரே ஆம் போதும் என்று வைத்திருக்கும் கோயில்களும் உண்டு. அந்த ஊர் வழக்கத்தைப் பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து இழுப்பறையில் அந்த எண்ணுள்ள தாள். நம்மவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான்: தாளைப் பார்த்ததும் ‘நல்லதா கெட்டதா’ என்று கேட்பது. முதல் சீட்டு சூரியன் எழுந்து மேகம் கலைவதைச் சொல்கிறது. வழக்கு பற்றிக் கேட்டவருக்கு அது ஒரு பொருள், காணாமல் போன பொருளைக் கேட்டவருக்கு இன்னொன்று. பல தாள்களில் நோய், பயணம், திருமணம், வழக்கு என்று தனித்தனிக் கட்டம் இருக்கும். நீங்கள் கேட்ட கட்டத்தை மட்டும் படியுங்கள்.

கணக்குப்பிள்ளை | 15 ஏப்ரல், காலை 8.02

மூன்று ஆம் விதிப்படி ஒரு சீட்டு உறுதியாகச் சராசரியாக 8 குச்சி, 14 தடவை கட்டை. திருநாளில் வரிசை நகராததற்குக் காரணம் இதுதான். 20ஆம் தேதி சீட்டு எடுக்க நினைப்பவர்கள் வேறு நாள் பார்ப்பது நல்லது.

பழங்கல்வெட்டு | 16 ஏப்ரல், இரவு 11.30

பெயரைப் பற்றி ஒன்று. தமிழில் ‘மாசு’ என்று எழுதுபவர்களைப் பார்க்கிறேன், தயவுசெய்து வேண்டாம். தெய்வத்தின் பெயர் நம் மொழியில் அழுக்கு என்று பொருள்பட்டு நிற்கக் கூடாது. ‘மாட்சு’ ஒலிக்கும் நெருக்கம், மாட்சி என்ற சொல்லுக்கும் பக்கத்தில் நிற்கிறது.

அந்தச் சொல்லுக்குத் தாய்வழி மூதாட்டி என்ற பொருள். அரசர்கள் கொடுத்த பட்டங்கள் வேறு. 1123இல் கொரியாவுக்குப் போன அரசத் தூதுக் கப்பல்கள் புயலில் சிக்கி, தப்பியது இவர் அருளால் என்று அறிக்கை வந்தபிறகு சோங் அரசு கோயிலுக்குப் பெயர்ப்பலகை கொடுத்தது. 1156இல் சீமாட்டி பட்டம். குப்லாய் கான் காலத்தில் தியன்ஃபெய், அதாவது விண்ணரசி. சிங் ஆட்சியில் தியன்ஹௌ, விண்ணகப் பேரரசி. தியன் ஹௌ கோயில் என்று பெயர் வந்தது இதனால்தான். மக்காவ் ஊர்ப் பெயரே இவருடைய ஆ-மா கோயிலிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள்.

ஆனால் நடுக்கடலில் பட்டம் சொல்லி அழைக்கக் கூடாதாம். சிங் கால அறிஞர் ஜாவ் யீ எழுதி வைத்திருக்கிறார்: ‘மாட்சு’ என்று கூப்பிட்டால் தலைவிரிகோலத்தோடு உடனே ஓடிவருவார். ‘விண்ணரசி’ என்று கூப்பிட்டால் மகுடமும் அரச உடையும் தரித்துக்கொண்டு வர வேண்டும், அதற்குள் நேரமாகிவிடும். புயலில் தவிக்கும் மாலுமி பாட்டியைத்தான் கூப்பிட வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் | 17 ஏப்ரல், காலை 9.10

இலங்கையின் காலி நகரில் கிடைத்த, சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹவின் மும்மொழிக் கல்வெட்டில் தமிழோடு மாட்சுவும் வருகிறாரே, அதையும் சேர்த்து எழுதுங்கள்.

பழங்கல்வெட்டு | 17 ஏப்ரல், மதியம் 1.25

வரவில்லை. இது பரவிவிட்ட பிழை.

காலிக் கல் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தருக்கு, தமிழ்ப் பகுதி திருமால் வடிவமான தேனாவரை நாயனாருக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமிய மரபுக்கு. ஒரே கல், மூன்று தெய்வம், ஏறக்குறைய ஒரே காணிக்கை. சீனப் பகுதியில் 1000 பொன், 5000 வெள்ளி, 2500 கட்டி (சீன எடை அளவு) எண்ணெய் என்று வருகிறது. மாட்சு பெயர் இல்லை.

செங் ஹ மாட்சுவுக்கு வைத்த கல் வேறு. 1431இல், கடைசிப் பயணத்துக்குக் காற்றை எதிர்பார்த்துக் காத்திருந்தபோது, ஃபூஜியனின் சாங்லேயில் நட்டது. அலை மலைபோல் எழும் நேரத்தில் தெய்வப் பெயரைச் சொன்னதும் பாய்மரத்தில் விளக்கு ஒளிர்ந்தது, ஒளி தோன்றியதும் ஆபத்து அடங்கியது என்று அதில் இருக்கிறது. புயல் மின்னூட்டத்தால் பாய்மர நுனியில் நீலச்சுடர் தோன்றுவது உலகத்து மாலுமிகள் எல்லாரும் அறிந்தது. அதை யாருடைய விளக்கு என்று சொல்வதில்தான் வேறுபாடு.

தமிழ்த் தொடர்பு வேண்டுமென்றால் ஃபூஜியனின் துறைமுகமான சுவான்ஜோவைப் பாருங்கள். குப்லாய் கானின் யுவான் அரசமரபைப் பற்றிய வரலாற்று நூல் மாட்சுவை ‘சுவான்ஜோவின் தெய்வப்பெண்’ என்றே குறிக்கிறது. அங்குள்ள அவருடைய கோயில் 1196இல் தொடங்கியது. அதே துறைமுகத்தில் 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, சகம் 1203 சித்திரையில், குப்லாய் கானின் நலத்துக்காகச் சிவன் கோயில் எழுப்பியதைச் சொல்கிறது. நம் வணிகர்களும் மாட்சுவின் மாலுமிகளும் ஒரே துறையில் சரக்கு இறக்கியவர்கள்.

தெலுக்ஆயர்வாசி | 17 ஏப்ரல், இரவு 7.48

தெலுக் ஆயர் தெருவும் அப்படித்தான். நாகூர் தர்கா 1828–30, தியான் ஹோக் கெங் இப்போதைய கட்டடம் 1839–42. இரண்டுக்கும் நடக்கும் தூரம். அல் அப்ரார் பள்ளிவாசலுக்கு அந்தக் காலத்தில் குச்சுப் பள்ளி என்று பெயர், தமிழ்ப் பெயர்தான். மூன்றுக்கும் முன்னால் அப்போது கடல். கரை தூர்த்தபிறகுதான் தெரு ஊருக்குள் போனது.

பழங்கல்வெட்டு | 17 ஏப்ரல், இரவு 8.20

அதனால்தான் அந்தத் தெருவில் கோயில்கள் வரிசையாக இருக்கின்றன. கப்பலிலிருந்து இறங்கியதும் முதல் வேலை நன்றி சொல்வது. தமிழ் முஸ்லிம்களான சூலியாக்கள் சாகுல் ஹமீது நாயகத்துக்கு, ஹொக்கியன்கள் மாட்சுவுக்கு. இரண்டு பேரும் கடற்பயணிகளைக் காப்பவர்கள் என்பது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. 1907இல் குவாங்சு பேரரசர் தியான் ஹோக் கெங்குக்குக் கொடுத்த எழுத்தின் பொருளும் தென்கடல் அலைகள் அமைதியாகட்டும் என்பதே.

கரைவிளக்கு | 21 ஏப்ரல், காலை 6.20

நேற்றைய கூட்டத்தில் தூபக்கலங்களைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பீர்கள்: பணியாளர்கள் பாதி எரிந்த பத்திகளைப் பிடுங்கிக்கொண்டே இருப்பார்கள். அவமதிப்பு என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அப்படியில்லை. பத்தி எரிந்தபின் மூங்கில் அடி சாம்பலுக்குள் நிற்கும். நூற்றுக்கணக்கில் நெருங்கிவிட்டால் அடிப்பகுதிகள் சேர்ந்து பற்றி, கலம் முழுவதும் குபீரென்று எரியும். இதற்கு ‘கலம் எழும்புதல்’ என்று பெயர். சாமி ஏதோ சொல்ல வருகிறது என்று எடுத்துக்கொண்டு உடனே கட்டை போட்டுக் கேட்பார்கள். காரணம் மூங்கில் நெரிசல் என்று தெரிந்தவர்களும் கேட்கத்தான் கேட்பார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணில்லை என்பதே அங்கே உள்ள மனநிலை.

பெரிய சுத்தம் ஆண்டுக்கு ஒரு தடவை, சீன நாள்காட்டியின் 12ஆம் மாதம் 24ஆம் நாள், தெய்வங்கள் விண்ணுக்கு அறிக்கை கொடுக்கப் போயிருக்கும் சமயத்தில். அப்போதும் கலத்தை இடத்தை விட்டு நகர்த்த மாட்டார்கள். சாம்பலைக் கரண்டியால் அள்ளி, சலித்து, மூங்கில் துண்டுகளை நீக்கிவிட்டுப் பழைய சாம்பலில் ஒரு பகுதியைத் திரும்ப இடுவார்கள். முழுவதையும் கொட்டிவிட்டுப் புதிய மணல் நிரப்புவது பெரும் பிழை. ஏனென்றால் கோயிலின் வம்சாவளி அந்தச் சாம்பலில் இருக்கிறது.

எப்படி என்றால், புதிய மாட்சு கோயில் கட்டுபவர்கள் மூலக் கோயிலுக்குப் போய் அதன் கலத்திலிருந்து சாம்பல் வாங்கி வருகிறார்கள். அதைத் தங்கள் கலத்தில் கலந்தால்தான் அந்தச் சன்னதி அவருடையது. சிலைக்கு உயிரூட்டுவதும் அப்படித்தான். சிலையின் முதுகில் ஒரு குழி இருக்கும். அதற்குள் சாம்பல், ஐந்து நிற நூல், ஐந்து தானியம், உலோகத் துண்டுகள், சில இடங்களில் உயிருள்ள குளவி வைத்து மூடுவார்கள். கண் திறப்பதற்குச் சேவல் கொண்டை இரத்தமும் சிவப்புச் சாயமும். பழைய சிலை வாங்குபவர்கள் முதலில் திருப்பிப் பார்ப்பது முதுகைத்தான். மூடி திறந்திருந்தால் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

தெலுக்ஆயர்வாசி | 22 ஏப்ரல், இரவு 9.05

முகம் கறுப்பாக இருக்கும் மாட்சு சிலைகள் வேறு அம்சமா?

கரைவிளக்கு | 22 ஏப்ரல், இரவு 9.40

பெரும்பாலும் புகை. தைவான் லூகாங் கோயில் மாட்சுவின் கருமுகம் தலைமுறை தலைமுறையாக ஏறிய ஊதுபத்திக் கரி. பின்னால் கறுப்பாகவே செய்யவும் தொடங்கினார்கள். ரோஜா முகம் மானிடப் பெண், பொன்முகம் தெய்வநிலை, கருமுகம் துயர் துடைக்கும் கோலம் என்று பொருள் சொல்கிறார்கள்.

ஒரே கோயிலில் பல மாட்சு சிலைகள் இருப்பதும் புதியவர்களைக் குழப்பும். தைவானில் வழக்கமாகச் சொல்வது: முதலம்மா கூடத்தில் வீற்றிருப்பார், இரண்டாமம்மா இருந்தபடி உண்பார், மூன்றாமம்மா களத்துக்குப் போவார். வெளியூர் எழுந்தருள்வது, வீடுகளுக்குப் போவது எல்லாம் மூன்றாமம்மா வேலை. மூலவர், உற்சவர் என்று நமக்குப் பழகிய பிரிவு போலத்தான், ஆனால் நடுவில் ஒருவர் கூடுதல்.

பிரிக்பீல்ட்ஸ் | 2 மே, மாலை 4.15

பைஷாதுன் மாட்சுவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. கட்டை பற்றிய இழையில் அது இல்லாமல் எப்படி?

கரைவிளக்கு | 3 மே, காலை 6.05

சரிதான்.

தைவான் மியாவ்லி மாவட்டத்துக் கடலோரச் சிற்றூர் பைஷாதுன். அங்கிருந்து யுன்லினில் உள்ள பெய்காங் கோயிலுக்கு (தொடக்கம் 1694) மாட்சு நடந்து போய்த் திரும்புகிறார், ஏறக்குறைய 400 கிலோமீட்டர். எந்த நாள், எத்தனை மணிக்குப் புறப்படுவது, பெய்காங்கில் எப்போது நுழைவது, எப்போது திரும்புவது எல்லாம் சீன நாள்காட்டியின் 12ஆம் மாதம் 15ஆம் நாள் கட்டை போட்டு முடிவாகும். நாட்களின் எண்ணிக்கைகூட ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

வழி மட்டும் முன்கூட்டி முடிவாகாது. பல்லக்கு சிறியது, நான்கு பேர் தூக்குவது. முச்சந்தி வந்ததும் நிற்கும். முன்னும் பின்னும் அசையும், ஒரு பக்கம் இழுக்கும், தூக்குபவர்கள் இழுத்த பக்கம் போக வேண்டும். மருத்துவமனை வாசலில் நிற்கும், யாரும் எதிர்பார்க்காத வீட்டுக்குள் நுழையும். பாலத்தை விட்டுவிட்டு சுவோஷுய் ஆற்றுக்குள் இறங்கிக் கடந்த ஆண்டுகளும் உண்டு. பின்னால் வரும் மக்களுக்கு இரவு எங்கே தங்குவோம் என்று பகலில் தெரியாது. அதனால் சுமை குறைவாக இருக்க வேண்டும்: மழையங்கி, இரண்டு சோடிக் காலுறை, பாதத்துக்குத் தடவ மெழுகு. கொப்புளத்தால்தான் பலர் பாதியில் திரும்புகிறார்கள், காலணி புதிதாக இருந்தால் நிச்சயம். சோறும் தண்ணீரும் வழியெங்கும் ஊர்மக்கள் தருவார்கள், அளவுக்கு மேல் வாங்காதீர்கள்.

பல்லக்குக்கு அடியில் தவழ்ந்து அருள் பெற விரும்பினால்: தொப்பி, பை, குடை கழற்றிவிட்டு வரிசையில் கையும் முழங்காலும் ஊன்றித் தலையைத் தாழ்த்த வேண்டும். பல்லக்கு முழுவதும் கடந்து போகும்வரை நிமிரக் கூடாது. நடுவில் ஒருவர் தலை தூக்கினால் தூக்குபவர்கள் தடுமாறுவார்கள். கர்ப்பிணிகளும் துக்க வீட்டாரும் இதைத் தவிர்க்கும் வழக்கம்.

பெய்காங்கில் வாங்கும் நெருப்பைப் பெட்டியில் வைத்துத் தோளில் சுமந்து வருகிறார்கள். அணையக் கூடாது. அதனால் வழியெல்லாம் சந்தனத் துண்டு சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிகம் போட்டால் மூச்சடைத்து அணையும், குறைத்தால் எரிந்து தீரும். இதற்கென்றே தனி ஆட்கள். பல்லக்கின்மேல் எல்லார் கண்ணும் இருக்க, இந்தப் பெட்டியை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பயணத்தின் நோக்கமே அதற்குள்தான் இருக்கிறது.

கணக்குப்பிள்ளை | 3 மே, காலை 10.30

கோயில் கலத்துக்கு ஆண்டுப் பொறுப்பாளரையும் கட்டை போட்டுத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். பெயர்ப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் போட்டு, தொடர்ந்து அதிக ஆம் பெற்றவர் பொறுப்பாளர். தொடர்ந்து 10 ஆம் என்பது 1024இல் ஒன்று. நூறு பேர் பட்டியலில் 6 அல்லது 7 வரை ஒருவர் எட்டிவிடுவது இயல்பு. பணக்காரர், படித்தவர் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

தெலுக்ஆயர்வாசி | 9 மே, இரவு 10.12

முதல் நாள் எழுதிய குற்றச்சாட்டைத் திரும்பப் பெறுகிறேன், பாதி. விதியை முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கேட்பவருக்கு அது பொருந்தாது. ஆனால் கேள்வியைத் திருத்துவது எப்படி என்று யாரும் விளக்கவில்லை. ‘இந்த வேலையிலேயே இருக்கலாமா, மாறிவிடலாமா’ என்று கேட்டு மூன்று தடவையும் சிரிப்பு விழுந்தால் என்ன செய்வது?

கரைவிளக்கு | 10 மே, காலை 6.33

அது இரண்டு கேள்வி. ஆம் விழுந்தால் எதற்கு ஆம்? அதனால்தான் சிரிப்பு.

பிரித்துக் கேளுங்கள். ‘செப்டம்பருக்குள் வேறு வேலைக்கு மாறினால் எனக்கு நல்லதா?’ ஒரே செயல், ஒரே காலம், ஒரே ஆள். இல்லை விழுந்தால் அடுத்தது: ‘அப்படியென்றால் இந்த ஆண்டு முழுவதும் இங்கேயே இருப்பது நல்லதா?’ அதுவும் இல்லை என்றால் இரண்டிலும் சேராத ஏதோ இருக்கிறது, அப்போது சீட்டுக் கேட்கலாம். ‘எப்போது’, ‘ஏன்’, ‘எவ்வளவு’ என்று தொடங்கும் கேள்வியைக் கட்டையால் கேட்க முடியாது. பிறருடைய மனதைப் பற்றியும் கேட்காதீர்கள், ‘நான் போய்ப் பேசலாமா’ என்று உங்கள் செயலாக மாற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்ட காரியத்தைக் கேட்டாலும் சிரிப்புத்தான் விழும் என்பார்கள்.

திருத்திய பிறகும் மூன்று சிரிப்பு என்றால் கட்டையைக் கும்பிட்டுத் திரும்ப வைத்துவிட்டு, கேள்வியைத் தாளில் எழுதிக்கொண்டு இன்னொரு நாள் போங்கள். எழுதும்போதே பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும், தாங்கள் கேட்க வந்தது வேறு என்று.

பழங்கல்வெட்டு | 10 மே, காலை 7.50

ஒன்று விட்டுப்போயிற்று. கேட்டபடி நடந்தால் திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். கேட்ட அதே கோயிலுக்கு, அதே சன்னதிக்கு. பழமும் மூன்று பத்தியும் போதும், பெரிதாக நேர்ந்துகொண்டிருந்தால் நேர்ந்ததைக் கொடுக்க வேண்டும். ஊர் மாறிப் போனவர்கள் புதிய ஊர் மாட்சுவிடம் சொல்லி, பழைய கோயிலின் பெயரையும் குறிப்பிட்டு, ‘இங்கேயே ஏற்றுக்கொள்கிறீர்களா’ என்று கட்டை போட்டுக் கேட்பது வழக்கம். ஒரே ஆம் போதும்.